சுவடா, அறிகுறியா? ஒரு சொல்லைத் திருத்தத் தவறியது பற்றி

கனடாவின் ஆல்பர்ட்டாவில் வாழும் என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், சில மாதங்களுக்கு முன் நான்கு பக்கக் குறிப்பொன்றை அனுப்பினார். அவர் மான் வேட்டைக்கு உரிமம் பெற்றவர். துப்பாக்கிக்குரிய தோட்டாக்களைத் தம் கையாலேயே நிரப்பிக்கொள்வார். அந்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு அது சட்டம் அனுமதிக்கும் பழக்கம். அவரிடம் இதைக் கற்க விரும்பிய தமிழ் நண்பர் ஒருவருக்காகத் தமிழிலேயே எழுதிய குறிப்பு அது. 'நீ மொழியியல் படித்தவன்தானே, பிழை பார்த்துக் கொடு' என்றார். காரியவட்டத்தில் விடுதி அறையில் உட்கார்ந்து ஓர் இரவில் பார்த்து முடித்தேன். ஒற்றுப் பிழைகள், ஒருமை பன்மை மயக்கங்கள், இரண்டு இடங்களில் எழுவாய் இல்லாத வாக்கியங்கள். மூன்றாம் பக்கத்தின் தலைப்பில் 'அதிக அழுத்தத்துக்கான அறிகுறிகள்' என்றிருந்தது. 'அழுத்தத்திற்கான' என்று சாரியையை மாற்றலாமா என ஒரு நிமிடம் யோசித்து, இரண்டும் சரியே என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் பேசினார். அந்த நண்பர் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம்: "அப்போ இதுல ஒண்ணும் தெரியாத வரைக்கும் மருந்தைக் கூட்டிக்கிட்டே போகலாம், அப்படித்தானே?"

அண்ணன் அதிர்ந்துவிட்டார். 'நான் எழுதியது அதற்கு நேர் எதிர்' என்றார். குறிப்பை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நண்பர் எதையும் தவறாகப் படிக்கவில்லை. தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் படிப்பார்கள். பிழை தலைப்பில் இருந்தது. அதை நான் சாரியையோடு சேர்த்துப் பார்த்து அனுமதித்திருந்தேன்.

இந்தப் பதிவு அந்தப் பிழையைப் பற்றியது. துப்பாக்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத நண்பர்களே என் பக்கத்தில் மிகுதி என்பதை அறிவேன். ஆயினும் ஆய்வு செய்பவர்கள், கலைச்சொல் ஆக்குபவர்கள், பாதுகாப்புக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் ஆகிய மூவருக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பித்தளை என்பது இங்குப் பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்தது. குத்தூசி பிரைமரை அடிக்க, மருந்து பற்றி வாயுவாகிறது. அந்த வாயுவின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளும் அதே கணத்தில், கூட்டை நாலா புறமும் விரியச் செய்து சேம்பரின் சுவரோடு ஒட்டவைக்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் காப்பது இந்த ஒட்டுதலே. குண்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும், பித்தளை தன் மீள்திறனால் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதனால்தான் போல்ட்டைத் தூக்கிக் கூட்டை எளிதாக வெளியே எடுக்க முடிகிறது. பித்தளை மீளக்கூடிய எல்லைக்குள் இருக்கும் வரை இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும்.

எல்லை மீறினால் கூட்டில் தடங்கள் விழும். அண்ணனின் குறிப்பு அவற்றைத்தான் வரிசைப்படுத்தியிருந்தது. பிரைமரின் உருண்ட விளிம்பு நசுங்கித் தட்டையாகிவிடுவது. குத்தூசி பட்ட குழியைச் சுற்றி எரிமலை வாய்போல் ஒரு வரம்பு எழுவது. அதற்கும் மேலே போனால் பிரைமரே துளைபட்டு வாயு கசிவது. கூட்டை வெளித்தள்ளும் எஜெக்டரின் துளைக்குள் பித்தளை பிதுங்கி, கூட்டின் அடியில் பளபளப்பான வட்டத் தழும்பு பதிவது. சுட்டபின் போல்ட்டைத் தூக்கவே கை வலிப்பது. கூட்டின் அடிப்பகுதி நிரந்தரமாக விரிந்து, அடுத்த முறை பிரைமரைப் பதிக்கும்போது அது பிடிப்பில்லாமல் தளர்ந்து உட்காருவது. நூல்கள் பேசும் முதன்மையான தடங்கள் இவையே. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அந்த மருந்தளவில் மேலும் சுடக் கூடாது; நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு மறுபக்கத்தில் எழுகிறது. இவை எதுவும் தென்படாவிட்டால் என்ன பொருள்?

தமிழில் 'அறிகுறி' என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். மழைக்கான அறிகுறி என்றால் மழை இன்னும் பெய்யவில்லை. காய்ச்சலுக்கான அறிகுறி என்றால் உடம்பு கனகனக்கிறது. இன்று மாத்திரை போட்டுப் படுத்தால் நாளை எழுந்துவிடலாம். தேர்தல் வருவதற்கான அறிகுறி, சண்டை மூள்வதற்கான அறிகுறி என எல்லாவற்றிலும் அறிகுறி முன்னே வருகிறது. நிகழ்ச்சி பின்னே வருகிறது. இடையில் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. நான்காம் வேற்றுமையோடு 'ஆன' சேர்ந்த '-க்கான' என்னும் வடிவம் இந்த முன்னோக்கை இன்னும் உறுதியாக்குகிறது. 'மழைக்கான' என்று தொடங்கிய பின் 'சுவடு' என்று முடிக்க நா எழாது. 'மழையின்' என்று தொடங்கினால் 'சுவடு' இயல்பாக வந்து உட்காரும். நான்காம் வேற்றுமை வரப்போவதைச் சுட்டுகிறது. ஆறாம் வேற்றுமை வந்துபோனதைச் சுமக்கிறது. அறிகுறி என்ற சொல்லைக் கடந்ததற்குப் பயன்படுத்தவே மாட்டோம் என்று நான் சொல்லவில்லை. வழக்கில் அதன் சாய்வு எந்தப் பக்கம் என்பதையே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் 'பிரஷர் சைன்' என்பதில் உள்ள 'சைன்' காலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முன்னே வருவதும் அதுவே, பின்னே கிடப்பதும் அதுவே. கேரளத்தில் மலையாள நண்பர் ஒருவரிடம் கேட்டபோது, தயங்காமல் 'லக்ஷணம்' என்றார். நோயின் லக்ஷணம், மழையின் லக்ஷணம் எல்லாம் அங்கே அதே சொல்தான். தமிழில் அதே சொல் இலக்கணம் என்றாகி நன்னூலுக்குப் போய்விட்டது. லட்சணமாக நின்றது அழகைக் குறிக்கப் போய்விட்டது. எனவே 'சைன்' என்பதற்கு நம் கைக்கு முதலில் அகப்படுவது 'அறிகுறி'. அகராதிப்படி அது சரியான மொழிபெயர்ப்பு. இந்த இடத்தில் மட்டும் அது தவறான தகவல்.

ஏனென்றால், பிரைமர் தட்டையாகும்போது அழுத்தம் வரப்போவதில்லை; வந்து, உச்சம் தொட்டு, போய்விட்டது. கூட்டில் நாம் பார்ப்பது அது நடந்துபோன பாதையை. அதிலும் ஓர் உண்மை உண்டு: பித்தளை எளிதில் வாய் திறப்பதில்லை. .308 வின்செஸ்டர் என்னும் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான 'சாமி' வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .30-06 தோட்டாவுக்கு 60,000. பித்தளையின் கடினத்தன்மை கூட்டுக்குக் கூடு மாறும். எனினும் மேலே சொன்ன தடங்கள் பெரும்பாலும் 60,000-ஐத் தாண்டி 70,000-ஐ நெருங்கும்போதே தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதாவது, முதல் தழும்பைக் காணும் மனிதர் எல்லையை நெருங்கிக்கொண்டிருப்பவர் அல்லர். எல்லையைத் தாண்டி நிற்பவர்.

இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் பழைய, துல்லியமான சொற்கள் இருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அனுமானத்தை மூன்றாகப் பிரிக்கிறான்: பொது, எச்சம், முதல். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்று கூறுவது முதல். காரணத்திலிருந்து காரியத்துக்குச் செல்வது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று உரைப்பது எச்சம்; காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது. காட்டில் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்று உணர்வது பொது. வடமொழி நியாய நூல்களில் இவற்றுக்கு இணையான பெயர்கள் உண்டு என்பதை ஆய்வாளர்கள் அறிவீர்கள். நான் சொல்ல வருவது எளியது: கூட்டின் தழும்பு எச்சம். அதை முதல் என்று படித்தால் வெள்ளத்தைப் பார்த்து 'மழை வரப்போகிறது, குடை எடு' என்று சொல்வதைப் போலாகும்.

சீத்தலைச் சாத்தனார் இதோடு விடவில்லை. 29ஆம் காதையில் ஏதுப்போலிகளை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் எனப் பிரித்து அறவண அடிகள் வாயிலாக விளக்குகிறார். காட்டும் ஏது ஒரு முடிவோடு மட்டும் நில்லாமல், மாறான முடிவோடும் கூடி நிற்கக்கூடுமானால் அது அநைகாந்திகம். அழுத்தத் தடங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். தட்டையான பிரைமரை எடுத்துக்கொள்வோம். சில பிரைமர்களின் உலோகம் மென்மையானது. மிதமான அழுத்தத்திலேயே நசுங்கும். கூட்டுக்கும் போல்ட் முகத்துக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால், குறைந்த அழுத்தத்திலும் பிரைமர் முதலில் பின்னுக்கு வந்து, பிறகு கூடு பின்வாங்கி அதை நசுக்கும். குழியைச் சுற்றிய வரம்பு, குத்தூசித் துளை பெரிதாகத் தேய்ந்த துப்பாக்கியில் சாதாரணத் தோட்டாவிலும் தோன்றும். போல்ட் இறுகுவதற்கு அழுக்கடைந்த சேம்பரே போதும். கூட்டின் அடிக்குச் சற்று மேலே ஒளிரும் வளையத்தைப் பலரும் அழுத்தத்தின் தடமென்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இடைவெளிக் கோளாற்றால் கூடு நீண்டு மெலிந்ததன் தடம். அதுவும் ஆபத்துதான், ஆனால் வேறு ஆபத்து, வேறு சிகிச்சை.

ஆகவே தடம் இருந்தால் அழுத்தம் இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. இங்கே பிழை நேர்ந்தால் நட்டம் சிறிது. தேவையில்லாமல் நிறுத்திவிட்டு ஒரு மாலைப்பொழுதை இழப்போம். தடம் இல்லையென்றால் அழுத்தம் இல்லை என்று சொல்வதில்தான் விரல்களும் கண்களும் போகின்றன.

இன்மையைக் கொண்டு இன்மையை நிறுவுவது பற்றிப் பௌத்த தருக்கம் ஒரு நிபந்தனை வைக்கிறது. ஒரு பொருள் இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும் என்னும் நிலையில் மட்டுமே, படவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகும். மேசைமேல் குடம் இருந்தால் தெரியும், தெரியவில்லை, எனவே குடம் இல்லை. இருட்டறையில் இது செல்லாது. கேள்வி இப்போது இப்படி மாறுகிறது: மிகை அழுத்தம் இருந்திருந்தால் அது கண்டிப்பாகக் கூட்டில் தெரிந்திருக்குமா?

தெரியாது என்பதற்கு எளிய சான்று .45-70 என்னும் பழைய அமெரிக்கத் தோட்டா. 1873-இல் வந்த துப்பாக்கிக்காக உருவானது. பழைய துப்பாக்கிகளை மனத்தில் கொண்டு அதற்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் 28,000 பவுண்டு மட்டுமே. ஆனால் அதன் கூடும் அதே பித்தளைதான். 28,000 தாங்கும் துப்பாக்கியில் 45,000 ஏறினாலும் பித்தளை முகம் சுளிக்காது. பிரைமர் அழகாக உருண்டே இருக்கும். துப்பாக்கிதான் விரிசல் காணும். கூடு துப்பாக்கிக்காகப் பேசுவதில்லை. தனக்காக மட்டுமே பேசுகிறது. துப்பாக்கி கூட்டைவிட வலிமை குறைந்ததாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதல் தடம் விழுவது துப்பாக்கியின்மேல். பல சமயம் அதைப் பிடித்திருப்பவரின்மேல்.

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் மலைக்கிராமங்களில் வழங்கும், வாய்வழியே மருந்தும் ரவையும் இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் கூடே கிடையாது. கேரளக் கோயில்களில் வெடிவழிபாட்டுக்குப் பயன்படும் கதினாவும் அப்படித்தான்: இரும்புக் குழாய், உள்ளே இடித்த மருந்து. அழுத்தத்தின் சுவட்டை ஏந்திக்கொள்ள அங்கே தனியாக ஓர் உறுப்பு இல்லை. வருடக்கணக்காக ஒழுங்காக வெடித்த குழாய் என்பது அதன் பலத்துக்குச் சான்றாகாது. இரும்பு களைப்பைச் சேர்த்து வைக்கும். நேற்றுவரை ஏற்ற மிகைச்சுமையை இன்றைய சாதாரணச் சுமையில் வெளிப்படுத்தும். போல்ட் துப்பாக்கிக்கும் இந்த உண்மை பொருந்தும்.

ஆல்பர்ட்டாவுக்குத் திரும்புகிறேன். அண்ணன் ஊரில் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை சாதாரணம். கோடையில் மூடிய காருக்குள் தோட்டாப் பெட்டி கை வைக்க முடியாதபடி சூடேறும். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் உச்ச அழுத்தம் ஏறும். இது புதிய செய்தி அன்று. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையை நம்மில் பலர் மலை ரயிலிலிருந்து பார்த்திருப்போம். கார்டைட் என்பது 1889-இல் பிரிட்டனில் உருவான, நைட்ரோகிளிசரினும் பருத்தி நைட்ரேட்டும் கலந்து கயிறுபோல் பிழிந்தெடுத்த உந்துமருந்து. கயிறு என்னும் சொல்லே அதற்குப் பெயரானது. நீலகிரிக் குளிரில் பிழிந்த மருந்து பாலைவனத்து வெயிலிலும் எரிந்தாக வேண்டும். ஆகவே பீரங்கிப் படையினரின் கணக்கு அட்டவணைகளில் மருந்தின் வெப்பநிலைக்கெனத் தனித் திருத்தம் இருக்கும். ஜனவரியில் ஒரு தடமும் காட்டாத மருந்தளவு ஜூலையில் எல்லை தாண்டும். தடமில்லை என்ற முடிவு அந்த நாளின் குளிரையும் சேர்த்தே சொல்லப்பட்டது. அதை நாம் மறந்துவிடுகிறோம்.

'சிறிது சிறிதாகக் கூட்டுவேன், தடம் கண்டதும் நிறுத்துவேன்' என்னும் வழிமுறையில் மற்றொரு பொய் நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. அழுத்தம் மருந்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்பது அது. உண்மையில் மருந்து எரியும் வேகமே அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். ஏறிய வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றும். புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் வியேய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த உறவை வாய்பாடாக்கினார். உச்சத்துக்கு அருகில் படிக்கட்டின் படிகள் திடீரென உயரமாகிவிடும். கீழ்ப்படிகளில் கால் பழகிய வேகத்தில் மேல்படிகளில் ஏறக் கூடாது.

அதே வாய்பாட்டை நான் இருக்கும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. 1967-இல் இங்கேயே உருவான ரோகிணி 75 பறந்தது. திட எரிபொருள் ராக்கெட் பொறியும் ஒரு மூடிய அறையில் எரியும் மருந்துதான். ஆனால் அவர்கள் பொறியை நிலத்தில் கட்டிவைத்து எரித்து, எரியும் கணங்களிலேயே உள்ளழுத்தத்தைக் கருவிகொண்டு வரைகோடாகப் பதிவு செய்கிறார்கள். எரிந்து முடிந்த உறையைத் தடவிப் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று யாரும் அடுத்ததை ஏவுவதில்லை. அதே தும்பாவை ஒட்டிய மேனங்குளத்தில் வ.அய். சுப்பிரமணியம் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி இருக்கிறது. அழுத்தத்தை அளப்பவர்களுக்கும் சொல்லை அளப்பவர்களுக்கும் இவ்வளவுதான் தூரம். நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

அளவை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதிலும் ஒரு மொழிச்சிக்கல் இருக்கிறது. பழைய முறையில் சேம்பரில் துளையிட்டு, ஒரு சிறு செப்பு உருளையை வைத்து, அது எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். அதுவும் சுவடுதான், ஆனால் அளவுத்திட்டம் இட்ட சுவடு. செம்பு நசுங்கச் சற்று நேரம் எடுப்பதால் மிகக் குறுகிய உச்சத்தை அது முழுமையாகப் பிடிப்பதில்லை. பின்னர் வந்த மின்னழுத்தப் படிகக் கருவிகள் அதைப் பிடித்தன. எனவே அதே .308 தோட்டாவின் உச்சம் செப்பு முறையில் 52,000 என்றும், புதிய முறையில் 62,000 என்றும் வரும். இரண்டும் ஒரே அழுத்தம்தான். சிக்கல் என்னவென்றால், பழைய ஆவணங்கள் செப்பு முறையில் கண்ட எண்ணுக்கும் 'சதுர அங்குலத்துக்குப் பவுண்டு' என்றே பெயர் எழுதிவைத்தன. 1962 போருக்குப் பின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 7.62 நேட்டோ தோட்டாவுக்காக உருவாக்கிய 2ஏ1 துப்பாக்கியைச் சுற்றி நடக்கும் வாதங்களில் இந்தக் குழப்பத்தை இன்றும் காணலாம். ராணுவ ஆவணத்து 50,000-ஐயும் வணிகத் தோட்டாவின் 62,000-ஐயும் நேராகக் கழித்து '12,000 வேறுபாடு' என்று அஞ்சுவோர் ஒருபக்கம். குழப்பம் தெரிந்தவுடன் 'அப்படியானால் எதையும் போடலாம்' என்று துணிவோர் மறுபக்கம். இரண்டுமே தவறு. எண்களின் வேறுபாட்டில் பெரும்பகுதி பெயரின் பிழை. ஆயினும் அந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா விதிக்கப்பட்டதோ அதையே இடுவதுதான் முறை. ஓர் அலகின் பெயரைச் சோம்பலாக எழுதியதற்கு அரை நூற்றாண்டாகத் துப்பாக்கிக்காரர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

எதிர்வாதம் உண்டு, அதை அண்ணனே சொன்னார். 'எனக்குக் கற்றுத்தந்தவர் முப்பது வருடமாகக் கூட்டைப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?' மதிக்க வேண்டிய வாதம்தான். கைப்பழக்கம் ஓர் அறிவு. அதை ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளுவதை நான் ஏற்பதில்லை. ஆனால் முப்பது வருடம் காத்தது எது என்று கேட்க வேண்டும். ஐரோப்பியத் தர அமைப்பின் விதிப்படி, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு ரைஃபிளையும் உச்ச அழுத்தத்தின் 125 விழுக்காட்டுத் தோட்டாவால் சோதித்து முத்திரை இடுகிறார்கள். மற்ற நாடுகளிலும் இத்தகைய மிகைச் சோதனை உண்டு. பெரியவரைக் காத்ததில் பெரும்பங்கு அந்த ஓரத்துக்கு உரியது. அவரது கண் அந்த ஓரத்தைச் செலவு செய்துகொண்டிருந்திருக்கலாம். மணிமேகலை கழுதையையும் கணிகையையும் ஓரிடத்தில் சேர்த்துக் கண்டவனின் கதையைச் சொல்கிறது. சேர்த்துக் கண்டதாலேயே, பிறகு கழுதையைக் கண்ட இடத்தில் கணிகையை அனுமானித்தால் அது செல்லாது. தடமில்லாமையையும் பாதுகாப்பையும் முப்பது வருடம் சேர்த்துக் கண்டதும் அப்படிப்பட்டதே.

அப்படியானால் எதை நம்புவது? இதற்கும் விடை புதிதன்று. கருவிகொண்டு அழுத்தம் அளந்து ஆய்வகங்கள் வெளியிட்ட மருந்தளவுப் பட்டியல்களை நம்ப வேண்டும். அவற்றின் தொடக்க அளவிலிருந்து தொடங்க வேண்டும். உச்ச அளவை ஒருபோதும் மீறக் கூடாது. கூடு, பிரைமர், குண்டு, மருந்தின் தொகுதி ஆகிய நான்கில் எது மாறினாலும் மறுபடி கீழிருந்து வர வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. பட்டியல் சொல்லும் வேகத்தைவிட நம் குண்டு வேகமாகப் போனால், கூட்டில் தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்தம் மிகுந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். வேகம் சும்மா வருவதில்லை. தடங்களுக்கு இதில் ஓரிடம் உண்டு, ஒற்றை வழிப் பாதையாக மட்டும்: தெரிந்தால் நிறுத்து, தெரியாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதே.

நம் நாட்டில் இந்தக் கேள்வி அரிதாகவே எழும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து முயன்று பார்க்கும் காரியமன்று. வட்டியூர்க்காவுச் சுடுதளத்தில் பயிலும் மாணவர்கள் ஆலைத் தோட்டாவையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் சொற்கள் எல்லை பார்ப்பதில்லை. நாளை ஒருவர் கொதிகலன் இயக்குநருக்கோ, எரிவாயு உருளை கையாள்பவருக்கோ, பட்டாசு ஆலைத் தொழிலாளிக்கோ தமிழில் பாதுகாப்புக் குறிப்பு எழுதும்போது 'ஆபத்துக்கான அறிகுறிகள்' என்று தலைப்பிட்டு, முன்னே வருவனவற்றையும் பின்னே கிடப்பனவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்குவார். படிப்பவர் எல்லாவற்றுக்கும் அவகாசம் உண்டு என்று நம்புவார்.

என் முன்மொழிவு சிறியது. நிகழ்ந்ததன் விளைவாகப் பின்னே கிடப்பதற்குச் 'சுவடு' என்போம். நிகழுமுன் எச்சரிப்பதற்கு மட்டும் 'அறிகுறி' என்போம். 'எச்சம்' இலக்கணத்திலும் தருக்கத்திலும் பொருத்தமான சொல்தான். ஆனால் பறவையின் எச்சம் இன்று மற்ற எல்லாப் பொருளையும் மூடிவிட்டது. 'அழுத்த எச்சம்' என்று பாதுகாப்புப் பலகையில் எழுதினால் சிரிப்பார்கள். 'தடயம்' காவல்துறைக்குப் போய்விட்டது. 'சுவடு' இன்னும் ஆளில்லாமல் காத்திருக்கிறது. கலைச்சொல் ஆக்கத்தில் நாம் தூய்மை, எளிமை, ஒலிநயம் எல்லாவற்றையும் வாதிடுகிறோம். ஒரு சொல் தன்னோடு எந்தக் காலத்தை எடுத்துவருகிறது என்று கேட்பதில்லை. பாதுகாப்பு தொடர்பான சொற்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

அண்ணனின் குறிப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்தின் தலைப்பு இப்போது 'மிகை அழுத்தத்தின் சுவடுகள்'. அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இவை தெரிந்தால் எல்லை கடந்துவிட்டது, இவை தெரியாததால் எல்லைக்குள் இருப்பதாகப் பொருளில்லை.' அந்த நண்பர் படித்துவிட்டு, பட்டியலின் தொடக்க அளவிலேயே நின்றுகொண்டாராம். குண்டு சற்று மெதுவாகப் போகிறது, மானுக்கு அது போதும் என்றாராம்.

ஈழத்திலும் மலேசியாவிலும் இந்த இடத்தில் என்ன சொல் வழங்குகிறது என்று அறிந்தவர்கள் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நண்பர்கள் உங்கள் பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன். 'சுவடு' பிடிக்காதவர்கள் வேறொரு சொல்லோடு வாருங்கள்.